இரண்டு ராஸ்டர் லேயர்களின் வகைகளை ஒப்பிடும்போது அட்டவணை தவறாக வந்தால்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழி

ஒரே நிலப்பரப்புக்கு இரண்டு வகைப்பாட்டு ராஸ்டர்கள் இருக்கின்றன, அதாவது ஒவ்வொரு பிக்சலிலும் ஒரு வகை எண் உள்ள கட்ட வரைபடங்கள். ஒன்று நிலப்பயன்பாடு, மற்றது மண் வகை. அல்லது ஒரே நிலப்பயன்பாட்டு வரைபடத்தின் இரண்டு வெவ்வேறு ஆண்டுகள். முதல் லேயரின் எந்த வகை, இரண்டாவதின் எந்த வகையோடு எவ்வளவு பரப்பில் ஒன்றாக விழுகிறது என்று அறியக் குறுக்கு அட்டவணை போடுகிறோம். இதற்குக் கிராஸ் மென்பொருளில் ஆர்.காயின், ஆர்.கிராஸ், ஆர்க்ஜிஐஎஸ்ஸில் டேபுலேட் ஏரியா, கம்பைன், ஆர் மொழியின் டெரா தொகுப்பில் கிராஸ்டேப், க்யூஜிஐஎஸ்ஸில் ராஸ்டர் கால்குலேட்டர் என்று பல கருவிகள். எதை எடுத்தாலும் உள்ளே நடப்பது ஒன்றுதான்: ஒரே இடத்தில் இருக்கும் இரண்டு பிக்சல்களை ஜோடி சேர்த்து, ஒவ்வொரு ஜோடியும் எத்தனை முறை வருகிறது என்று எண்ணுவது.

'ஒரே இடம்' எது என்பதைப் பெரும்பாலான மென்பொருள்கள் நம்மைக் கேட்காமல் தாமே முடிவுசெய்கின்றன. பிக்சல் கட்டங்கள் பொருந்தாவிட்டாலும் பிழைச்செய்தி வராது. ஒழுங்கான அட்டவணைதான் வரும். அதனால்தான் இந்த வேலையில் நான் ஒரு சோதனையை வேறெதையும்விட மேலாக வைக்கிறேன். அட்டவணையைத் தொடுவதற்கு முன்பே, ஒவ்வொரு லேயரையும் அதனதன் சொந்தக் கட்டத்திலேயே வைத்து, பொதுவான எல்லைக்குள் எந்த வகை எவ்வளவு பரப்பு என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அட்டவணையின் கிடைவரிசைக் கூட்டுத்தொகைகளை முதல் லேயரின் எண்களோடும், நெடுவரிசைக் கூட்டுத்தொகைகளை இரண்டாவதின் எண்களோடும் ஒப்பிடுங்கள். கீழே வரும் கோளாறுகளில் பாதிக்கு மேல் அங்கேயே பிடிபடும்.

கருவி ஓட மறுக்கிறது, அல்லது அட்டவணை காலியாக வருகிறது

மறுத்தால் அது நல்ல சேதி. டெரா இந்த விஷயத்தில் கண்டிப்பானது: எல்லையோ பிக்சல் அளவோ மாறினால் இரண்டு ராஸ்டர்களை ஒன்றாக அடுக்கவே விடாது. ஜிடால் என்ற ராஸ்டர் கருவித்தொகுப்பின் ஜிடால்கால்க் அப்படியல்ல. இயல்பு நிலையில் அது கிடைவரிசை, நெடுவரிசை எண்ணிக்கையை மட்டுமே ஒப்பிடும். இரண்டும் 1000-க்கு 1000 பிக்சல் என்றால், அவை பூமியில் வெவ்வேறு இடத்தில் இருந்தாலும் ஜோடி சேர்த்துக் கணக்குப் போட்டுத் தந்துவிடும். ஜிடால் 3.3 முதல் எக்ஸ்டென்ட் என்ற விருப்பம் உண்டு. அதை 'ஃபெயில்' என்று வைத்தால் எல்லை பொருந்தாதபோது நின்றுவிடும். எப்போதும் அப்படி வைப்பதே நல்லது.

அட்டவணை காலியாக வந்தால் முதலில் ஆள்கூற்று முறையைப் பாருங்கள். ஒரு லேயரின் எல்லை எண்கள் 78, 79 போலவும் மற்றதன் எண்கள் லட்சங்களிலும் இருந்தால், ஒன்று பாகையிலும் மற்றது மீட்டரிலும் இருக்கிறது. திரையில் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரிவதை நம்ப வேண்டாம். க்யூஜிஐஎஸ் காட்சிக்காக அப்போதைக்கப்போது உருமாற்றிக் காட்டுகிறது; கோப்பு மாறுவதில்லை.

மொத்தப் பரப்பு சரியாக இருக்கிறது, ஆனால் சிறிய வகைகளைக் காணோம்

கிராஸ் பயன்படுத்துவோருக்கு அடிக்கடி வரும் கோளாறு இது. கிராஸில் ராஸ்டர் கணக்குகள் எல்லாம் கோப்பின் கட்டத்தில் நடப்பதில்லை; 'ரீஜன்' என்று நாம் வைத்திருக்கும் கட்டத்தில்தான் நடக்கின்றன. ரீஜன் 100 மீட்டரில் இருக்கும்போது 10 மீட்டர் லேயரைக் கொடுத்தால், ஒவ்வொரு 100 பிக்சலிலும் ஒன்றை மட்டும் படித்து மற்ற 99-ஐ விட்டுவிடும். பரப்பளவை ரீஜனின் பிக்சல் அளவை வைத்தே கணக்கிடுவதால் மொத்த ஹெக்டேர் சரியாகவே வரும். பெரிய வகைகளின் சதவீதமும் கிட்டத்தட்ட சரியாக இருக்கும். ஓடை, சாலை, சிறு குளம் போன்றவை மட்டும் அட்டவணையிலிருந்து மறைந்துபோகும், அல்லது தற்செயலாகப் பெருத்துவிடும்.

தனித்தனி எண்ணிக்கையையும் அதே ரீஜனில் எடுத்தால் அதுவும் அட்டவணையோடு பொருந்தி நம்மை ஏமாற்றும். 'சொந்தக் கட்டத்தில்' எண்ணச் சொன்னது இதற்காகத்தான். ஜி.ரீஜன் கட்டளையால் ரீஜனை முதல் லேயருக்கு வைத்து, வகைவாரியாகப் பரப்பை எண்ணும் ஆர்.ஸ்டாட்ஸ் ஓட்டுங்கள், பிறகு இரண்டாவதற்கு வைத்து ஓட்டுங்கள். அதன் பிறகே, நுண்ணிய பிக்சல் உள்ள லேயருக்கு ரீஜனைப் பொருத்தி ஆர்.காயின்.

ஆர்க்ஜிஐஎஸ்ஸிலும் இதேபோல ஒன்று உண்டு. பிக்சல் அளவுக்கான இயல்பு அமைப்பு, உள்ளீடுகளில் பெரியதை எடுத்துக்கொள்வது. 10 மீட்டரும் 100 மீட்டரும் கொடுத்தால் கணக்கு 100 மீட்டரில் நடக்கும். சூழல் அமைப்பில் பிக்சல் அளவையும் ஸ்னாப் ராஸ்டரையும் (எந்த லேயரின் கட்டத்தோடு பொருத்துவது என்ற அமைப்பு) நுண்ணிய லேயருக்கு வைத்துவிடுங்கள்.

எந்தப் பக்கம் போவது என்று தயங்க வேண்டியதில்லை. குறுக்கு அட்டவணைக்கு நுண்ணிய கட்டத்துக்கே போவது சரி. பெரிய பிக்சலைச் சிறு பிக்சல்களாக நகலெடுத்தால் எதுவும் இழப்பதில்லை. சிறிய பிக்சல்களைப் பெரியதாகத் திரட்டினால், பெரும்பான்மை முறையில் திரட்டினாலும்கூட, 9 பிக்சல் கொண்ட ஒரு கட்டத்தில் 5 மரம், 4 நீர் என்றால் நீர் முழுவதும் காணாமல் போகும். ஆனால் ஒன்று: 100 மீட்டர் தரவை 10 மீட்டராக வெட்டியதால் அது 10 மீட்டர் துல்லியம் பெற்றுவிடவில்லை. அறிக்கையில் மூலப் பிக்சல் அளவை எழுதுங்கள்.

லேயரில் இல்லாத வகைகள் முளைக்கின்றன

மூலக் கோப்பில் 11 வகை. அட்டவணையில் 45, 47, 63 என்று புதிய எண்கள். ஏதோ ஒரு படியில் வகை எண்களைச் சராசரி எடுத்திருக்கிறீர்கள். ரீசாம்ப்ளிங் (பிக்சல்களை வேறொரு கட்டத்துக்கு மாற்றி எழுதுவது) முறை, அக்கம்பக்கத்து எண்களைச் சராசரி எடுக்கும் பைலீனியர் அல்லது கியூபிக் என்று இருந்திருக்கும். உயரம், வெப்பநிலை போன்றவற்றுக்கு அது பொருந்தும். வகை எண் வெறும் பெயர். அதைச் சராசரி எடுப்பதில் அர்த்தம் இல்லை.

புதிய எண்கள் கண்ணில் பட்டால் நல்லதுதான். கண்ணில் படாதவைதான் ஆபத்து. ஐரோப்பிய விண்வெளி முகமையின் வேர்ல்ட்கவர் வரைபடத்தை எடுத்துக்கொள்வோம். அதில் 10 மரங்கள், 20 புதர், 30 புல்வெளி, 40 பயிர்நிலம், 50 கட்டடப் பகுதி, 60 வெற்று நிலம், 80 நீர்நிலை. மரங்களும் புல்வெளியும் தொடும் எல்லையில் பைலீனியர் 10-க்கும் 30-க்கும் நடுவே 20 தரும். அதாவது புதர். பயிர்நிலமும் வெற்று நிலமும் தொடும் இடத்தில் 40-க்கும் 60-க்கும் நடுவே 50, கட்டடப் பகுதி. பயிர்நிலமும் நீரும் சந்தித்தால் 60, வெற்று நிலம். எல்லாமே முறையான வகை எண்கள். காட்டோரத்தில் புதர், வயலோரத்தில் கட்டடம், கரையோரத்தில் வெற்று மண் என்பதெல்லாம் இயற்கையாக இருக்கக்கூடியவை என்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. அந்த அட்டவணையை வைத்து 'புதர்க்காடு பரவியிருக்கிறது' என்று ஒருவர் முடிவு எழுதிவிடக்கூடும்.

கண்டுபிடிக்கும் வழி: சந்தேகப்படும் வகையை மட்டும் திரையில் வண்ணமிட்டுப் பெரிதாக்கிப் பாருங்கள். உண்மையான புதர் திட்டுத் திட்டாக இருக்கும். சராசரியால் முளைத்த புதர், எல்லைகளை நூல் பிடித்ததுபோல ஒரு பிக்சல் அகலத்தில் எல்லா இடத்திலும் ஓடும்.

இது எங்கிருந்து வருகிறது? டெராவில் ரீசாம்பிள், புராஜெக்ட் இரண்டுக்கும் முறையை நாம் சொல்லாவிட்டால், லேயர் ஃபேக்டராக (வகைப்பெயர்களாக) அறிவிக்கப்பட்டிருந்தால், மிக அருகிலுள்ள பிக்சலின் எண்ணையே எடுக்கும் அருகாமை முறையும், வெறும் எண்ணாக இருந்தால் பைலீனியரும் எடுத்துக்கொள்ளப்படும். ஜியோடிஃப் கோப்பைத் திறந்ததும் பெரும்பாலும் அது வெறும் எண்தான். எனவே முறையை 'நியர்' என்று எப்போதும் கையால் எழுதுங்கள். ஜிடால்வார்ப்பில் இயல்பே அருகாமை முறை. கூகுள் எர்த் எஞ்சினில் சொந்தக் கோப்பைப் பதிவேற்றும்போது பிரமிட் (பெரிய பிக்சலில் செய்து வைக்கும் சுருக்கப் பிரதிகள்) முறை இயல்பாகச் சராசரி; வகைப்பாட்டுக்கு அதை 'மோட்' (அதிகம் வரும் எண்) என்று மாற்ற வேண்டும். மாற்றாமல் ஏற்றிவிட்டால் பெரிய பிக்சல் அளவில் கணக்கிடும்போதெல்லாம் இதே கோளாறு வரும்.

வரைபடத்தை ஜேபெக் சுருக்கத்தில் யாராவது சேமித்துக் கொடுத்திருந்தாலும் வகை எல்லைகளில் அந்நிய எண்கள் சிதறும். அதைச் சரிசெய்ய முயல வேண்டாம். மூலத்தைக் கேட்டு வாங்குங்கள்.

கால்குலேட்டரில் ஜோடி எண் போட்டேன், விடை குழம்பியிருக்கிறது

முதல் லேயரை ஒரு எண்ணால் பெருக்கி இரண்டாவதைக் கூட்டி, ஜோடிக்கு ஒரு குறியீடு உண்டாக்குவது வழக்கமான உத்தி. இதில் இரண்டு குழிகள்.

ஒன்று, பெருக்கும் எண் சிறிதாக இருப்பது. நாசாவின் மோடிஸ் செயற்கைக்கோள் உணரியிலிருந்து வரும் நிலப்போர்வை வரைபடத்தில், ஐஜிபிபி என்ற வகைப்பாட்டின் வகைகள் 1 முதல் 17 வரை. பத்தால் பெருக்கினால், 1-உம் 12-உம் சேர்ந்த ஜோடிக்கு 22. 2-உம் 2-உம் சேர்ந்த ஜோடிக்கும் 22. ஊசியிலைக் காடு பயிர்நிலமானதும், அகன்ற இலைக் காடு அப்படியே இருந்ததும் ஒரே எண்ணில் கலந்துவிட்டன. பெருக்கும் எண் இரண்டாவது லேயரின் மிகப்பெரிய குறியீட்டைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். 1000 என்று வைத்துவிட்டால் பெரும்பாலும் கவலையில்லை, குறியீட்டைக் கண்ணால் பிரித்துப் படிக்கவும் எளிது.

மற்றது, தரவு வகை. வகைப்பாட்டு ராஸ்டர்கள் பெரும்பாலும் பைட் வகையில் இருக்கும். அதில் 0 முதல் 255 வரைதான் இடம். பைத்தான் மொழியின் நம்பை தொகுப்பில் 40-ஐ 100-ஆல் பெருக்கி 50-ஐக் கூட்டினால் 4050 வர வேண்டும். பைட்டிலேயே கணக்கு நடந்தால் சுற்றிவந்து 210 என்று நிற்கும். எச்சரிக்கை வராது. பெருக்கும் முன்பே லேயரை 32 பிட் முழு எண்ணாக மாற்றுங்கள். விடையைச் சேமிக்கும்போது மாற்றுவது பயன் தராது. அதற்குள் எண் சிதைந்திருக்கும்.

நோடேட்டா (தரவு இல்லாத இடம்): பூஜ்யம் ஒரு வகையாக வருகிறது, அல்லது கூட்டுத்தொகை குறைகிறது

உருமாற்றம் செய்த ராஸ்டரின் ஓரங்கள் சாய்ந்திருக்கும். அந்த வெற்று மூலைகளில் 0 நிரம்பியிருக்கும். 0 என்பது நோடேட்டா என்று கோப்பில் குறிக்கப்படாவிட்டால் அட்டவணையில் பெரிய '0' வரிசை வரும். மொத்தத்தையும் சதவீதங்களையும் அதுவே கெடுக்கும். நோடேட்டா எண்ணை ஒதுக்குங்கள், கிராஸில் ஆர்.நல் அதற்கானது. ஆனால் அதற்கு முன் விளக்கக்குறிப்பைப் படியுங்கள். மோடிஸின் சில பழைய பதிப்புகளில் 0 என்றால் நீர்.

கூட்டுத்தொகை குறைந்தால் எதிர்த்திசையில் யோசியுங்கள். ஒரு லேயரில் மேகம் மறைத்து நோடேட்டா ஆன இடங்களில், மற்ற லேயரின் பிக்சலும் ஜோடியிலிருந்து விழுந்துவிடும். டெராவின் கிராஸ்டேபில் வெற்றையும் சேர்த்து எண்ணும் விருப்பம் உண்டு. ஒருமுறை அதோடு ஓட்டிப் பாருங்கள். எந்த வகை அதிகம் விழுகிறது என்று தெரிய வேண்டும். மேகம் எல்லா நிலத்தின் மீதும் சமமாக நிற்பதில்லை. மலைக்காட்டை அதிகம் மறைத்தால் மிச்சத்தின் சதவீதம் ஒருபக்கம் சாயும்.

பிக்சல் எண்ணிக்கை சரி, ஹெக்டேர் தவறு

வேர்ல்ட்கவரை '10 மீட்டர்' என்று சொல்கிறோம். கோப்பு பாகையில் இருக்கிறது: ஒரு பிக்சல் என்பது ஒரு பாகையில் 12,000-இல் ஒரு பங்கு. நிலநடுக்கோட்டில் அதன் பரப்பு ஏறக்குறைய 85 சதுர மீட்டர். 60 பாகை அட்சரேகையில் கிட்டத்தட்ட 43. பிக்சல் எண்ணிக்கையை 100-ஆல் பெருக்கிச் சதுர மீட்டர் என்று எழுதினால் நிலநடுக்கோட்டிலேயே ஆறில் ஒரு பங்குக்கு மேல் கூடுதல். 60 பாகையில் இரு மடங்குக்கும் மேல். வடக்கு தெற்காக நீண்ட பகுதியில் இன்னொரு கோளாறும் சேரும்: ஒரே அட்டவணைக்குள் தென்பகுதி வகைக்கு ஒரு அளவுகோல், வடபகுதி வகைக்கு வேறொன்று.

மோடிஸும் அப்படித்தான். 500 மீட்டர் என்பது அழைக்கும் பெயர். உண்மையான பக்கம் சுமார் 463.3 மீட்டர். ஒரு பிக்சல் 25 ஹெக்டேர் இல்லை, ஏறக்குறைய 21.5. ஆனால் அதன் சைனுசாய்டல் வீழ்படம் (உருண்டைப் பூமியைத் தட்டையாக விரிக்கும் முறை) பரப்பைச் சிதைக்காத சமபரப்பு வீழ்படம் என்பதால், சரியான பிக்சல் பரப்பைப் பெருக்கினால் போதும். இணைய வரைபடங்களின் வீழ்படமான வெப் மெர்கேட்டரில் பரப்பே எடுக்கக் கூடாது. 60 பாகையில் பரப்பு நான்கு மடங்காகத் தெரியும்.

இரண்டு லேயரையும் சமபரப்பு வீழ்படத்துக்கு மாற்றிவிட்டுக் கணக்கிடலாம். நான் விரும்புவது வேறு வழி: உருமாற்றாமல், பிக்சல்தோறும் உண்மையான பரப்பைக் கணக்கிட்ட ஒரு ராஸ்டரை உண்டாக்கி, ஜோடிகளை எண்ணுவதற்குப் பதில் அந்தப் பரப்பைக் கூட்டுவது. டெராவில் செல்சைஸ் இதற்கு உண்டு. மூல வகை எண்களைத் தொடாமலே வேலை முடிந்துவிடும்.

வேறுபாடு முழுவதும் எல்லைகளில்தான் விழுகிறது

இரண்டு லேயரும் வேறுபடும் பிக்சல்களை மட்டும் வரைந்து பாருங்கள். ஒவ்வொரு திட்டின் எதிரெதிர் ஓரங்களில் மட்டும், எடுத்துக்காட்டாக எல்லாத் திட்டுகளின் கிழக்கோரத்திலும் மேற்கோரத்திலும், மெல்லிய பிறை போல வேறுபாடு தெரிந்தால் ஒரு லேயர் நகர்ந்திருக்கிறது. 10-க்கு 10 பிக்சல் கொண்ட திட்டு ஒரு பிக்சல் நகர்ந்தால் அதில் 10 சதவீதம் 'மாற்றம்' என்று வரும். ஒரு பிக்சல் அகலச் சாலை குறுக்காக நகர்ந்தால் 100 சதவீதம்.

உறுதிசெய்ய ஒரு லேயரை வேண்டுமென்றே எட்டுத் திசையிலும் ஒவ்வொரு பிக்சல் நகர்த்தி, ஒவ்வொரு முறையும் ஒத்துப்போகும் பிக்சல்களை எண்ணுங்கள். நகர்த்தாத நிலையில்தான் ஒத்துப்போதல் உச்சமாக இருக்க வேண்டும். ஏதாவது ஒரு திசையில் நகர்த்தியதும் அது கூடினால், அந்த லேயர் மற்றதோடு ஒப்பிட அதற்கு எதிர்த்திசையில் பிசகியிருக்கிறது.

காரணம் பெரும்பாலும் அரைப் பிக்சல். ஜியோடிஃப்பில் ஆள்கூறு பிக்சலின் மூலையைக் குறிக்கலாம், மையத்தையும் குறிக்கலாம். நெட்சிடிஎஃப் கோப்புகளில் பெரும்பாலும் மையம். மையத்தை மூலையென்று எடுத்துக்கொண்டால் முழு லேயரும் அரைப் பிக்சல் தள்ளி உட்காரும். பெரிய பிக்சலில் அது பல நூறு மீட்டர். தலைப்புத் தகவலில் மூலையைத் திருத்துங்கள், ரீசாம்பிள் செய்ய வேண்டாம். எல்லாம் பொருந்திய பின்னும் திட்டுகளைச் சுற்றி எல்லாப் பக்கமும் வேறுபாடு தெரிந்தால், அது ஒரே பிக்சலுக்குள் இரண்டு வகை விழும் கலப்புப் பிக்சல், தரவின் இயல்பு. ஓரப் பிக்சல்களை நீக்கிய இரண்டாவது அட்டவணை ஒன்றைப் போட்டு இரண்டையும் பக்கத்தில் வையுங்கள்.

கட்டம் சரி, பரப்பு சரி, ஆனாலும் 'காடு' பொருந்தவில்லை

இங்கே மென்பொருளை விட்டுவிட்டு வரையறையைத் திறக்க வேண்டும். வேர்ல்ட்கவரில் மரப்போர்வை 10 சதவீதம் இருந்தாலே மரங்கள் வகை. ஐஜிபிபியில் காடு என்றால் 60 சதவீதத்துக்கு மேல். 30 முதல் 60 வரை மரச் சவன்னா, 10 முதல் 30 வரை சவன்னா. மரப்போர்வை 25 சதவீதம் உள்ள நிலம் ஒன்றில் மரங்கள், மற்றதில் சவன்னா. இரண்டும் அதனதன் வரையறைப்படி சரியே. ஒப்பிடும் முன் இரண்டையும் பொது வகைகளாக மறுவகைப்படுத்துங்கள், ஒரு வகை பல வகைகளுக்குள் பிரிந்து விழுந்தால் அதை வலிந்து ஒன்றில் அடைக்காதீர்கள். ஒரே வரைபடத்தின் இரண்டு ஆண்டுகளிலும் எச்சரிக்கை வேண்டும்: வேர்ல்ட்கவர் 2020-உம் 2021-உம் வெவ்வேறு அல்காரிதம் பதிப்பில் செய்யப்பட்டவை. அவற்றின் வேறுபாட்டில் நிலத்தின் மாற்றமும் முறையின் மாற்றமும் கலந்திருக்கும்.

ஒத்துப்போதல் 82 சதவீதம், நம்பலாமா?

100 ஹெக்டேர் பகுதி. இரண்டு வரைபடத்திலும் காடு 90, மற்றவை 10. காடு 81 ஹெக்டேரில் ஒன்றாக விழுகிறது, மற்றவை 1 ஹெக்டேரில். ஒத்துப்போதல் 82. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு 90-க்கு 10 என்று தெளித்திருந்தாலும் இதே 82-தான் வரும். தற்செயலான ஒத்துப்போதலைக் கழித்துச் சொல்லும், 1960-இல் ஜேக்கப் கோஹன் தந்த கப்பா அளவு இங்கே சரியாகப் பூஜ்யம்.

இன்னொரு பகுதி: முதல் வரைபடத்தில் காடு 90, இரண்டாவதில் 72, அந்த 72-உம் 90-க்குள்ளேயே. ஒத்துப்போதல் மறுபடியும் 82. ஆனால் இங்கே நடந்தது வேறு: ஒரு வரைபடம் காட்டைக் குறைவாக எண்ணியிருக்கிறது, இடம் பிசகவில்லை. முதல் எடுத்துக்காட்டில் அளவு பிசகவில்லை, இடம்தான் பிசகியது. கப்பாவை விட்டுவிட்டு இப்படி அளவு வேறுபாடு, இட வேறுபாடு என்று பிரித்துச் சொல்ல வேண்டும் என்று பாண்டியஸும் மில்லோன்ஸும் 2011-இல் வாதிட்டார்கள். எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது, ஏனென்றால் அடுத்து எதைத் தேடுவது என்பதை அது சொல்லிவிடுகிறது: இட வேறுபாடு என்றால் நகர்வுச் சோதனைக்குப் போங்கள், அளவு வேறுபாடு என்றால் வரையறைக்குப் போங்கள்.

தனி வகைக்குச் சதவீதம் எழுதும்போது எந்த மொத்தத்தில் அந்தச் சதவீதம் என்பதையும் எழுதுங்கள். முதல் லேயரில் நீர் 1000 ஹெக்டேர், இரண்டாவதில் 400, பொதுவாக 360 என்றால், முதலாவதை வைத்துப் பார்த்தால் 36 சதவீதம், இரண்டாவதை வைத்துப் பார்த்தால் 90, இரண்டும் சேர்ந்த பரப்பை வைத்துப் பார்த்தால் 34.6. ஆர்.காயினில் கிடைவரிசைச் சதவீதம், நெடுவரிசைச் சதவீதம், மொத்தச் சதவீதம் மூன்றும் தனித்தனியே கேட்டுப் பெறலாம். மூன்றையும் எடுத்து, எது எதுவென்று தலைப்பிட்டே சேமியுங்கள்.